டே ஆற்றுப் பாலமும் சொல்லாமல் விட்ட சத்தமும்



பாலங்களைப் பற்றிப் பேச ஒரு கணக்காளனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் இரும்பைவிடப் பரிசோதனைதான் முக்கியம் என்பதால் துணிந்து பேசுகிறேன்.

தோமஸ் பவுச், விக்டோரியா மகாராணியார் காலத்துப் பொறியியலாளர். 1822இல் பிறந்தவர். குறைந்த செலவில் புகையிரதப் பாதை அமைப்பதில் பேர் எடுத்தவர். ஸ்கொட்லாந்தில், டண்டீ நகருக்குத் தெற்கே டே ஆறு கடலை நெருங்கும் இடம் ஏறக்குறைய இரண்டு மைல் அகலம். அதற்குக் குறுக்கே அவர் அமைத்த பாலம் 1878 யூன் முதலாந் திகதி திறக்கப்பட்டது. அடுத்த வருடம் மகாராணியாரே அதன்மேல் பயணம் செய்தார். பவுச்சுக்கு 'சேர்' பட்டமும் கிடைத்தது.

1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு. கடும் புயல். டண்டீ நோக்கி வந்த புகையிரதம் நடுப்பகுதியில் ஏறியபோது, உயரமான 13 கண்களும் ரயிலோடு ஆற்றில் விழுந்தன. ஒருவரும் தப்பவில்லை. பாலத்துக்கு முந்திய நிலையத்தில் வாங்கிய ரிக்கெற்றுகளை எண்ணித்தான் இறந்தோர் தொகையைக் கணித்தார்கள். அன்று சொன்னது 75 பேர். பிற்கால ஆய்வாளர்கள் பெயரோடு உறுதிசெய்தது 59 பேரை.

ஏன் விழுந்தது? ஆற்றின் அடியில் எதிர்பார்த்த இடத்தில் பாறை இருக்கவில்லை. ஆகவே பாரமான செங்கல் தூண்களுக்குப் பதிலாக, நடுவில் பாரம் குறைந்த வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தினார்கள். காற்றின் அழுத்தத்துக்குப் பவுச் தனியாகக் கணக்கு வைக்கவில்லை. வார்ப்பிரும்பில் இருந்த ஓட்டைகளை மெழுகும் இரும்புத்தூளும் கலந்த பசையால் அடைத்து மறைத்ததும் விசாரணையில் வெளிவந்தது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பாலத்தைப் பார்வையிட்டவர் ஹென்றி நோபிள். செங்கல் வேலை தெரிந்தவர். இரும்பு வேலை அவருக்குப் பழக்கமில்லை. 1878 ஒக்டோபரில், தூண்களைக் குறுக்காகப் பிணைத்த சட்டங்கள் தளர்ந்து 'கடகட'வென்று ஆடும் சத்தம் அவருக்குக் கேட்டது. இரும்புத் துண்டுகளை ஆப்பாக வைத்து இறுக்கினார். சத்தம் நின்றது. பவுச்சுக்கு அறிவிக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. வேலையை முடித்துவிட்டதாகத்தான் நினைத்தார். ஆனால் ஆப்பு சத்தத்தைத்தான் நிறுத்தியது, காரணத்தை அல்ல.

விசாரணை அறிக்கை பிரதான பழியைப் பவுச்மேல் சுமத்தியது. சில மாதங்களில், 1880 ஒக்டோபரில், அவர் காலமானார். போர்த் ஆற்றுக்கு அவர் வரைந்த பாலத் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே பௌலரும் பேக்கரும், சதுர அடிக்கு 56 இறாத்தல் காற்றழுத்தத்தைத் தாங்கும்படி கணித்துக் கட்டிய பாலம் 1890இல் திறக்கப்பட்டது. அதில் இன்றும் ரயில் ஓடுகிறது.

நேயர்களே, எங்கள் சங்கங்களின் கணக்கிலும் சிறு வித்தியாசம் வருவதுண்டு. "சின்னத் தொகைதானே" என்று யாரோ ஒருவர் தன் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டிவிடுவார். நல்ல மனத்தோடுதான் செய்வார். ஆனாலும், பொருளாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூட்டக் குறிப்பிலும் எழுதிவையுங்கள்.