பெடியனை ஏன் கீழே அனுப்பினார்கள்?

ஸ்காபரோவில் ஒக்டோபர் மாதச் சனிக்கிழமைக் காலை. நானும் மருமகனும் ரிம் ஹோர்ட்டன்ஸ் கடையில் ஆளுக்கொரு தேத்தண்ணியோடு இருக்கிறோம். ரொறொன்ரோவின் பனி ஹொக்கி அணியான மேப்பிள் லீவ்ஸின் நீலச் சட்டையை அவன் போட்டிருக்கிறான், முகத்தில் சிரிப்பைக் காணவில்லை.

“மாமா, அந்தப் பெடியன் பயிற்சி ஆட்டங்களிலை எவ்வளவு வடிவா விளையாடினவன்! அவனைக் கீழை அனுப்பிப்போட்டு, ஓடவே முடியாத கிழவனை வைச்சிருக்கினம். கோச்சுக்குக் கண் தெரியேல்லையோ?”

எந்தப் பெடியன் என்பது முக்கியமில்லை. ஒவ்வோர் ஒக்டோபரிலும் யாரோ ஒரு பெடியன் இருப்பான், அவன் பெரும்பாலும் தடுப்பாட்டக்காரனாகவே இருப்பான். ஹொக்கி ரசிகர்கள் தடுப்பாட்டக்காரர்களைச் சுருக்கமாக ‘டீ’ என்பார்கள். நம் கையில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் இந்தக் கோபத்தை ஒருமுறை பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. லீவ்ஸ் ஆடும் முதல்நிலை லீக்கான என்.எச்.எல்.லில் அணி ஒன்று பருவத்தின் பெரும்பகுதிக்கு 23 பேர் வரைதான் தன் பட்டியலில் வைத்திருக்கலாம். ஓர் ஆட்டத்துக்குச் சட்டை மாட்டுபவர்கள் 20 பேர். அவர்களில் 2 பேர் கோல் காப்பவர்கள், வழக்கமாக 12 பேர் முன்களத்தில் ஆடுபவர்கள், மீதி 6 பேர் தடுப்பாட்டக்காரர்கள். இந்த ஆறு பேரும் மூன்று சோடிகளாகப் பிரிந்து, முக்கால் நிமிடம் போலப் பனித்தளத்தில் நின்றுவிட்டு மூச்சு வாங்க வெளியே வருவார்கள். முதல் சோடிக்கு ஆட்டத்தில் 25 நிமிடம் வரைகூடக் கிடைக்கும். மூன்றாம் சோடிக்குப் பதினைந்து கிடைத்தால் பெரிய காரியம். ஏழாவது ஆள் கோட் சூட் போட்டுக்கொண்டு மேலே இருந்து பார்ப்பார்.

இனி எல்லோரும் வழுக்கி விழும் இடத்துக்கு வருவோம். அந்த 23 பேர் பட்டியலை நாம் புள்ளி வரிசையாக வாசிக்கிறோம்: கெட்டிக்காரர் 23 பேர் உள்ளே, இருபத்து நான்காவது ஆள் வெளியே, ஆகவே வெளியே போனவன் உள்ளே இருப்பவனைவிடக் குறைந்தவன். அப்படி இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தால் உடனே பயிற்றுநரைத் திட்டுகிறோம். பட்டியல் என்பது புள்ளி வரிசை மட்டும் இல்லை என்பதை, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் ஏ.எல். வெட்டுப்புள்ளி பார்த்து வளர்ந்த நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் ஹொக்கி என்று வந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

பட்டியலுக்குப் பின்னால் நிற்கும் விதிகளில் மிக முக்கியமானது ‘வெய்வர்ஸ்’. ஊரில் படலைக்கு உள்ளே நிற்கும் சைக்கிள் நமது. அதைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டால் போகிறவன் யாரும் ஏறி ஓட்டிக்கொண்டு போகலாம். அனுபவமுள்ள ஓர் ஆட்டக்காரரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்புவதும் இப்படித்தான். அனுப்புமுன் 24 மணி நேரம் அவரைப் படலைக்கு வெளியே நிறுத்த வேண்டும். அந்த நேரத்துக்குள் மற்ற 31 அணிகளில் எது கேட்டாலும், ஒப்பந்தத்தோடு சேர்த்து அவரைக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு ஒன்றும் கிடைக்காது.

இளையவர்களுக்கு இந்த விதியிலிருந்து சில ஆண்டுகள் விலக்கு உண்டு. 18 வயதில் கையெழுத்திட்டவருக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் அல்லது 160 ஆட்டங்கள், எது முந்தி வருகிறதோ அதுவரை. அவரை இன்று கீழே அனுப்பி நாளைக்கு மேலே அழைக்கலாம், வேறு அணி தொட முடியாது. இப்போது மருமகனுடைய ‘கிழவனை’யும் பெடியனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழவனை அனுப்பினால் ஆளை இழக்கக்கூடும். பெடியனை அனுப்பினால் இரண்டு பேரும் கையில் இருப்பார்கள். ஜனவரியில் யாராவது கணுக்கால் உடைந்து விழும்போது அந்த இரண்டாவது ஆள் தேவைப்படுவார். ஹொக்கியில் யாராவது விழாத ஜனவரி கிடையாது.

பணமும் இருக்கிறது. 2005-06 பருவத்திலிருந்து ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிப்பதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அன்று அது 39 மில்லியன் டொலர், 2025-26இல் 95.5 மில்லியன். புதிதாக வருபவரின் சம்பளத்தை விதியே குறைவாகக் கட்டிவைப்பதால் அவர் அணிக்கு மலிவு. இது பெடியனுக்குச் சாதகமான விதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். மட்டை பிடிக்கும் கையும் கணக்கில் வரும். இடப்பக்கம் நிற்பவர் இடக்கையை மட்டையில் கீழே பிடிப்பவராக இருந்தால், தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோடு சறுக்கி வரும் ‘பக்’கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, நேர்ப்பக்கமாக வாங்கலாம். வலப்பக்கத்துக்கு அப்படியே மறுதலை. தடுப்பாட்டக்காரர்களில் இடக்கைக்காரர்தான் கூட, ஆகவே ஐந்து கெட்டிக்கார இடக்கைக்காரர் இருக்கும் அணியிலும் சுமாரான வலக்கைக்காரர் ஒருவருக்கு இடம் கிடைக்கும். இரண்டு இடது செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கலாம்தான், ஆனால் தூரம் போக முடியாது.

“சரி மாமா, விதி விளங்குது. ஆனால் அவன் கெட்டிக்காரன் எண்டால் விளையாட விட்டால்தானே இன்னும் கெட்டிக்காரன் ஆவான்?”

நல்ல கேள்வி. இதற்குத் தடுப்பாட்டக்காரர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. ‘தடுப்பு’ என்றதும் வேலி மாதிரி நிற்கும் ஒரு தடியரை நினைத்துக்கொள்கிறோம். முற்றத்தில் கோழி பிடித்தவர்களுக்கு உண்மை எளிதில் பிடிபடும். பாய்ந்து போனால் கோழி கவட்டுக்குள்ளால் ஓடிவிடும். தூர நின்றால் அது தன் பாட்டில் போய்விடும். அளவான இடைவெளியில் நின்று, மெல்ல மெல்ல வேலி மூலைக்கு ஒதுக்க வேண்டும். தடுப்பாட்டக்காரர் இதைச் சறுக்குக் காலணியில், பின்பக்கமாக ஓடிக்கொண்டே செய்கிறார். எதிரே வருபவனை நடுவிலே விடாமல் பலகைச் சுவர்ப் பக்கம் தள்ளுவதுதான் அவர் வேலை. அந்த இடைவெளி எவ்வளவு என்பதை யாரும் அளந்து சொல்லித்தர முடியாது. வருபவனின் வேகத்துக்கேற்ப அது மாறும்.

அதைவிடக் கடினமான வேலை ஒன்று இருக்கிறது. எதிரணி பக்கை நம் மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வரும். தடுப்பாட்டக்காரர் ஆட்டத்துக்கே முதுகைக் காட்டிக்கொண்டு மூலைக்கு ஓட வேண்டும். பக்கை எடுக்குமுன் தோளுக்கு மேலால் ஒரு பார்வை. கனடாவில் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியும்: ‘ஷோல்டர் செக்’ பார்க்காமல் லேன் மாறினால் பரீட்சையில் பெயில்தான். இங்கே பார்க்காமல் திரும்பினால், நூறு கிலோ மனிதன் ஒருவன் முதுகில் வந்து இறங்குவான். அந்த அரைக்கணப் பார்வையில் எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, தன் சோடி எங்கே நிற்கிறான் என்று படம் பிடித்து, பக்கை அனுப்பியும் விட வேண்டும். இப்போது ஆட்டம் அவ்வளவு வேகமாகிவிட்டதால், தடுப்பாட்டக்காரரை நான் முதலில் இந்தப் பாஸை வைத்துத்தான் மதிப்பிடுவேன், அவர் யாரை இடித்து விழுத்தினார் என்பதை வைத்தல்ல.

பிழை நடந்தால் என்ன ஆகிறது என்பதும் இருக்கிறது. முன்களத்தில் ஒருவன் பக்கைப் பறிகொடுத்தால் அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். தடுப்பாட்டக்காரர் பறிகொடுத்தால் மிஞ்சுவது கோல் காப்பவர் மட்டும். ஆகவே பத்தொன்பது வயதுக்காரனின் பிழைகள் எல்லாம் வெளிச்சம் போட்டதுபோலத் தெரியும். அவன் சரியாகச் செய்த நாற்பது பாஸ்கள் யாருக்கும் நினைவிருக்காது.

இந்த ஊரே படித்த பாடம் ஒன்று இருக்கிறது. 2008இல், அணிகள் இளையவர்களை முறைவைத்துத் தேரும் ‘டிராஃப்ற்’இல், லூக் ஷென் என்ற தடுப்பாட்டக்காரரை மேப்பிள் லீவ்ஸ் ஐந்தாவது ஆளாகத் தெரிவுசெய்தது. அந்த ஒக்டோபரிலேயே, 19 வயது நிரம்புமுன், அவர் என்.எச்.எல்.லில் இறங்கினார். கனடாவின் ஜூனியர் அணிகளிலிருந்து வரும் அந்த வயதுப் பெடியனுக்கு நீண்டகாலமாக இரண்டு வழிதான்: என்.எச்.எல்., இல்லையேல் மீண்டும் ஜூனியர். நடுவிலுள்ள ஏ.எச்.எல்., அதாவது வளர்ந்த ஆண்கள் ஆடும் இரண்டாம் நிலை லீக், அவனுக்கு மூடிய கதவு. அதனால்தான் ‘ஒன்பது ஆட்டம்’ என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் அடிபடுகிறது. ஒன்பது ஆட்டங்கள் வரை ஆட வைத்துப் பார்க்கலாம், பத்தாவது ஆட்டத்தோடு அவனுடைய மூன்றாண்டு முதல் ஒப்பந்தத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

ஷென்னைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பருவத்தில் 70 ஆட்டங்கள் ஆடினார், ஊர் கொண்டாடியது. பிறகு பிழைகள் தெரியத் தொடங்கின, கொண்டாடிய அதே ஊர் முகம் சுளித்தது. 2012 ஜூனில் அவரை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே ஜூனில் லீவ்ஸ் மோர்கன் ரைலி என்ற வேறொரு தடுப்பாட்டக்காரரைத் தெரிவுசெய்தது, அவரும் ஐந்தாவது ஆள்தான். இம்முறை அவசரப்படவில்லை. ரைலி ஒரு வருடம் ஜூனியரில் இருந்துவிட்டுத்தான் 2013இல் வந்தார்.

ஷென் கதை அங்கே முடியவில்லை. அணி மாறி அணி மாறி, 29 வயதில் ஏ.எச்.எல்.லிலும் ஆடினார். 18 வயதில் கிடைக்காத நாற்றுமேடை அப்போதுதான் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். 2020இலும் 2021இலும் தம்பா பே அணியோடு என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லிக் கிண்ணத்தைத் தூக்கினார். 2023 பெப்ரவரியில், 33 வயதில், ரொறொன்ரோவுக்கே திரும்பி வந்தார். அந்த வசந்தத்தில் அவருக்குச் சோடியாக நின்றவர் ரைலி. லீவ்ஸ் 2004க்குப் பிறகு முதல் தடவையாக, கிண்ணத்துக்கான ‘பிளேஓவ்’ ஆட்டங்களில் ஒரு சுற்றை வென்றது அப்போதுதான். பின்னர் ஆயிரம் ஆட்டங்களையும் தாண்டினார் ஷென். இருபத்திரண்டு வயதில் இவரை ‘சரிவராத கேஸ்’ என்று இந்த நகரம் எழுதிவைத்திருந்தது.

மறுபக்கத்துக்கு டங்கன் கீத். 2002இல் சிக்காகோ தெரிவுசெய்தபோது அவர் 54ஆவது ஆள். நோர்ஃபோக்கில் ஏ.எச்.எல். ஆட்டம் முழுதாக இரண்டு பருவங்கள். சிக்காகோவுக்கு 2005இல் வந்தார். பிறகு மூன்று ஸ்ரான்லிக் கிண்ணங்கள், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொறிஸ் விருது இரண்டு முறை.

“பொபி ஓர் 18 வயதிலை வந்தவர்தானே?” என்று மருமகன் மடக்கினான். வந்தார், 1966இல் பொஸ்ரனுக்கு. ஓரை உதாரணம் காட்டுவது, பத்து வயதில் கச்சேரி செய்த பிள்ளையைக் காட்டி மற்றப் பிள்ளைகளை மிரட்டுவது மாதிரி. இந்தத் தலைமுறையில் கேல் மக்காரைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அவர் ஏ.எச்.எல். பக்கமே போகவில்லை, 2019 பிளேஓவில் நேரே கொலராடோவுக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். ஆனால் 2017இல் நான்காவது ஆளாகத் தெரிவானவர், கொலராடோவுக்கு வருமுன் இரண்டு வருடம் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டிருந்தார். நாற்றுமேடை வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி நம் பெடியனிடம் திரும்புவோம். அவன் ஜூனியர் வயதைத் தாண்டியவன், போயிருப்பது லீவ்ஸின் ஏ.எச்.எல். அணியான ரொறொன்ரோ மார்லீஸுக்கு. அதன் அரங்கம் லீவ்ஸ் அரங்கத்திலிருந்து சில கிலோமீற்றர்தான், ஸ்ரீற்கார் எடுத்தும் போகலாம். மேலே இருந்திருந்தால் ஏழாவது ஆளாகக் கோட் சூட்டோடு கூடுதலான இரவுகளைக் கழித்திருப்பான். அங்கே ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆடக்கூடும், எதிரணியின் முதல் வரிசைக்கு எதிரே நிற்கலாம், மூலைக்கு ஓடிப் பின்னால் பார்ப்பதை ஓர் இரவில் முப்பது தடவை செய்யலாம். பயிற்சி ஆட்டங்களில் அவன் பிரகாசித்ததை நானும் பார்த்தேன். ஆனால் அவை பெண்பார்க்கப் போன அன்றைக்குச் சாப்பிட்ட பலகாரம் மாதிரி. எதிரணியும் பாதிப் பேரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கும்.

பயிற்றுநர்கள் பிழையே விடுவதில்லை என்று நான் சொல்லவரவில்லை. பழகிய முகத்தை நம்புவது அவர்களுக்கும் சுகம். மார்ச் மாதத்திலும் அந்தப் பெடியனுக்கு ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் இருந்தால் மருமகனோடு சேர்ந்து நானும் சத்தம் போடுவேன். ஒக்டோபரில் அதற்கு அவசரமில்லை.

மருமகன் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அதில் எழுதியிருக்கும் பெயரைக் காட்டி, யார் இவர் என்று கேட்டேன். “கடைக்காரர்” என்றான். கடைக்காரர்தான், 1964இல் ஹமில்ரனில் முதல் கடை திறந்தவர். அதற்கு முதல் தடுப்பாட்டக்காரர், மேப்பிள் லீவ்ஸ் தடுப்பாட்டக்காரர். லீவ்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்ற 1967 உட்பட நான்கு முறை வென்றவர். 1961 முதல் 1968 வரை ஓர் ஆட்டமும் தவறாமல் தொடர்ந்து 486 ஆட்டங்கள் ஆடியவர்.

“அவர் எத்தினை வயதிலை வந்தவர் மாமா?”

1949இல், பத்தொன்பது வயதில், லீவ்ஸோடு சேர்ந்தார். பிறகு ஏறக்குறைய மூன்று பருவங்களுக்கு அவரைப் பிட்ஸ்பர்க்கில் வைத்திருந்தார்கள், ஏ.எச்.எல்.லில்.

அவன் கோப்பையைத் திருப்பி அந்தப் பெயரை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு மார்லீஸ் ஆட்டத்துக்கு ரிக்கெற் என்ன விலை என்று கைபேசியில் தேடத் தொடங்கினான்.