இரண்டு பிளாஸ்டிக்கைக் கலந்தால் அது கண்டுபிடிப்பா?

1956-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஆலன் ஹே என்ற வேதியியலாளர் ஒரு புதிய பாலிமரை உருவாக்கினார். பெயர் பாலிபீனிலீன் ஆக்சைடு, சுருக்கமாக பி.பி.ஓ. ஏறத்தாழ 210 டிகிரி செல்சியஸ் வரை இளகாத பொருள். அந்தப் பெருமையே அதற்கு வினையானது. உருக்கி அச்சில் வார்க்க அதைவிட அதிகமாகச் சூடேற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு சூட்டில் பாலிமரே கெடத் தொடங்கியது.

அதே நிறுவனத்தின் எரிக் சிசெக் அதில் மலிவான பாலிஸ்டைரீனைச் சேர்த்தார். 'நாரில்' என்ற பெயரில் 1966-இல் சந்தைக்கு வந்த பிளாஸ்டிக்குக்கு அடிப்படை அதுதான். 1968-இல் சிசெக்குக்கு வழங்கப்பட்ட காப்புரிமை கோரிய விகிதம் திகைக்க வைக்கும்: இரண்டில் எதையும் 1 முதல் 99 சதவீதம் வரை கலக்கலாம், அத்தனையும் அதற்குள் அடக்கம்!

தெரிந்த இரண்டு பொருள்களைச் சேர்த்து உருக்கியவருக்கு இவ்வளவு பெரிய வேலி எதற்கு என்று கேட்கத் தோன்றும். பதில் சொல்ல இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, புதியதா? இதில் ஊகத்துக்கு இடம் குறைவு. கோரப்பட்ட அத்தனை அம்சமும் முன்பே வெளியான ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை போயிற்று. இரண்டு ஆவணங்களை ஒட்டுப்போட்டுப் படிக்கக் கூடாது. இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதை உலோகக் கலவை வழக்கு ஒன்று காட்டியது. அரிப்பை எதிர்க்கும் டைட்டானியக் கலவைக்கு ஓர் அமெரிக்க நிறுவனம் உரிமை கேட்டது: நிக்கல் 0.6 முதல் 0.9 சதவீதம், மாலிப்டினம் 0.2 முதல் 0.4. ஆனால் 1970-இல் வெளியான ஒரு ரஷ்யக் கட்டுரையின் வரைபடத்தில் 0.75 நிக்கல், 0.25 மாலிப்டினம் என்று ஒரு புள்ளி இருந்தது. அரிப்பைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. இருந்தாலும் 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஒரு புள்ளி போதும் என்றது. பழைய பொருளில் புதிய குணம் ஒன்றைக் கண்டறிந்ததற்காகப் பொருள் புதியதாகிவிடாது.

இரண்டாவது கேள்விதான் உண்மையில் கடினமானது: துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர், அன்றைய அறிவை வைத்துக்கொண்டு, தானாகவே இதற்கு வந்து சேர்ந்திருப்பாரா?

பாலிமர்கள் பொதுவாக ஒன்றோடொன்று கலப்பதில்லை. சிறு மூலக்கூறுகள் கலக்கும்போது கூடும் ஒழுங்கின்மை அவற்றைக் கலக்கத் தூண்டும். நீண்ட சங்கிலிகளுக்கு அந்த ஆதாயம் மிக அற்பம். சிறிது ஒவ்வாமை இருந்தாலே பிரிந்துவிடும். பிரிந்த கலவையைச் சூடேற்றினால் இரண்டு இளகு வெப்பநிலைகள் தெரியும். பி.பி.ஓ.வும் பாலிஸ்டைரீனும் எந்த விகிதத்திலும் ஒன்றிப்போய் ஒரே இளகு வெப்பநிலையைத்தான் காட்டின. பாலிஸ்டைரீனின் 100-க்கும் பி.பி.ஓ.வின் 210-க்கும் இடையில் அது விகிதத்துக்கு ஏற்ப நகர்ந்தது. எளிதில் உருகும் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வந்திருக்கலாம். இப்படி ஒன்றிப்போகும் என்று எதிர்பார்க்கத்தான் காரணம் இல்லை. இன்று பாலிமர் பாடநூல்கள் இந்த ஜோடியை ஒன்றும் கலவைக்கு உதாரணமாகக் காட்டுகின்றன. அதைப் படித்து வளர்ந்தவருக்கு அன்றைய வியப்பு புரிவது சிரமம். பின்னோக்கிப் பார்க்கும் இந்தச் சாய்வைத்தான் காப்புரிமைப் பரிசோதகர்கள் அதிகம் அஞ்ச வேண்டும்.

எண்கள் வேறொரு பொறி. உடையாத நைலானுக்கு டூபாண்ட் 1979-இல் பெற்ற காப்புரிமையை எடுத்துக்கொள்வோம். நைலானில் ரப்பர் சேர்ப்பது அப்போதே பழைய கதை. ரப்பர் துகளின் அளவு 0.01 முதல் 1 மைக்ரான். அது நைலானோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் டூபாண்டின் வாதம். பழைய ஆவணங்கள் துகளை அளக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இத்தகைய கோரிக்கையை ஆராய்பவர் என்ன செய்வார்? பழைய செய்முறையை அப்படியே பின்பற்றினால் அதே துகள்தான் கிடைக்குமா என்று கேட்பார். கிடைக்கும் என்றால், அளந்து எழுதியதால் மட்டும் புதுமை வந்துவிடாது.

இந்தியச் சட்டம் கலவைகளுக்கென்றே தனியாக ஒரு தடை வைத்திருக்கிறது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(இ) பிரிவு, பகுதிப்பொருள்களின் குணங்கள் வெறுமனே கூடிநிற்கும் கலவையைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. ஆகவே விண்ணப்பதாரர் ஒவ்வொரு பாலிமரையும் தனியாகவும், கலந்தும், ஒரே அச்சில் ஒரே சூட்டில் வார்த்துச் சோதித்த அட்டவணையைக் கொடுப்பது நல்லது. 1 முதல் 99 வரை கோரிவிட்டு 50-இல் மட்டும் சோதித்திருந்தால், மீதி விகிதங்களுக்கு ஆதாரம் எங்கே என்ற ஆட்சேபக் கடிதம் வரும்.