உட்புறம் திருப்பிப் பாருங்கள்!

உடை என்பது இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் ஒன்று. மானத்தை மறைப்பது அதன் முதற்பணி. அழகு தருவது அடுத்தது. இவ்விரண்டையும் மறந்து, பெயரையும் விலைச்சீட்டையும் மட்டுமே பார்த்து உடை வாங்கும் பழக்கம் நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது.

'ஜப்பான் செல்வெட்ஜ் டெனிம் ஜாக்கெட்' என்ற பெயரை இன்று பல இளைஞர்கள் உச்சரிக்கின்றனர். பழங்கால அமெரிக்கத் தொழிலாளர் அணிந்த நீலநிற மேற்சட்டையை, அதே முறையில் ஜப்பானியர் மீண்டும் நெய்து தைப்பதே இது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது, "வேண்டாம்" என்று மறுப்பதற்கும் "சரி" என்று பணம் கொடுப்பதற்கும் முன்னர், அது எத்தகைய துணி என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டாமா?

கரிசலும் ஜப்பானும்

கடம்பூர் என்றதும் இரயில் பயணிகளுக்குப் போளி நினைவுக்கு வரும். உழவர்களுக்கோ பருத்தி நினைவுக்கு வரும். இவ்வட்டாரத்துக் கரிசல் மண்ணுக்கென்றே 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இங்கு பெயர்பெற்ற கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது. மெல்லிய மல் துணிக்கு அது ஏற்றதன்று. தடித்த நூலுக்கோ குட்டை இழையும் போதும். டெனிம் என்பது தடித்த நூலால் நெய்யப்படும் துணியே.

இந்தியப் பருத்திக்கும் ஜப்பானுக்கும் நெடுநாள் உறவு உண்டு. பம்பாய்க்கும் கோபே துறைமுகத்துக்கும் இடையே 1893-இல் தொடங்கிய கப்பல் போக்குவரத்துக்குப் பருத்தியே முதன்மைச் சரக்கு. 1933-இல் இந்தியா இறக்குமதித் துணிக்கு வரியை உயர்த்தியபோது, ஜப்பானிய ஆலைகள் நமது பருத்தியை வாங்க மறுத்தன. 1934-இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவ்வணிகம் சீரடைந்தது.

இன்னொரு செய்தி நம்மவருக்கு வியப்பளிக்கும். இன்று டெனிம் துணிக்குப் புகழ்பெற்ற ஜப்பானின் கைஹாரா நிறுவனம் 1893-இல் தோன்றியது. நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்யும் 'கஸூரி' துணியே அதன் பழைய தொழில். மத்திய கிழக்கு முஸ்லிம்கள் உடுத்தும் சாரங்களையும் அது நெய்து அனுப்பியது. அவ்வணிகம் தளர்ந்தபோது டெனிம் பக்கம் திரும்பி, 1970-இல் நூலைக் கயிறாகத் திரித்துச் சாயமேற்றும் இயந்திரத்தைத் தானே அமைத்துக்கொண்டது. சாரம் நெய்த கைகளே ஜாக்கெட் துணிக்கும் நூல் நனைத்தன என்றால் மிகையாகாது.

கரை என்றால் என்ன?

நம் வீட்டுக் கைத்தறிக் கைலியின் ஓரத்தைப் பாருங்கள். நாடா இடமும் வலமும் ஓடும்போது, ஊடுநூல் அறுபடாமல் ஓரத்தில் திரும்பி மீண்டும் உள்ளே வருகிறது. எனவே அந்த ஓரம் பிரிவதில்லை. மடித்துத் தைக்கவும் தேவையில்லை. மேலப்பாளையத்து நெசவாளர் நன்கறிந்த இந்தக் கரைதான் ஆங்கிலேயர் சொல்லும் 'செல்வெட்ஜ்'.

நாடா ஓடும் பழைய தறியில் டெனிம் ஏறத்தாழ 30 அங்குல அகலமே வரும். வேலையும் மெதுவாகவே நடக்கும். புதிய நாடாவில்லாத் தறிகளோ அதைப்போல் இருமடங்கு அகலத்தில் விரைந்து நெய்கின்றன. ஆனால் ஊடுநூல் ஓரந்தோறும் அறுபடுகிறது. செல்வெட்ஜ் துணியின் விலை ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

டெனிமின் பாவுநூல் நீலம், ஊடுநூல் வெள்ளை. அவுரிச் சாயத்தில் நூலை முக்கி, காற்றில் உலர்த்தி, மீண்டும் மீண்டும் நனைப்பதால் மேற்புறம் நீலமாகிறது. நடுப்பகுதி வெண்மையாகவே இருக்கிறது. முழங்கையும் மடிப்பும் தேயத் தேய அந்த வெண்மை வெளிப்படும். உழைத்துத் தேய்வதே இத்துணியின் அழகு. தேய்த்துக் கிழித்த புதுச் சட்டைக்குப் பணம் கொடுப்பது எவ்வகை அறிவுடைமை?

வாங்குமுன் சோதியுங்கள்

சந்தையில் தானியக் குவியலினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்தபோது, அடியில் ஈரம் தென்பட்டது. குறையை வெளியே தெரியும்படி வைக்காத வணிகரை அவர்கள் கண்டித்தார்கள். விற்பவருக்கு மட்டுமன்றி, வாங்குபவருக்கும் இதில் பாடமுண்டு: மேலே பார்த்து மயங்காதீர்கள்!

ஜாக்கெட்டை உட்புறம் திருப்புங்கள். பெரும்பாலும் முன்புறப் பொத்தான் பட்டையின் உள்ளே கரை தெரியும். சிவப்புக் கோடு மட்டுமே சான்றாகாது; அது தனியே தைத்த நாடாவாகவும் இருக்கலாம். ஊடுநூல் ஓரத்தில் திரும்புகிறதா, அறுந்து நிற்கிறதா என்று நோக்குங்கள். கரை இருப்பதாலேயே நூல் உயர்ந்தது என்றும் கொள்ளலாகாது. தையலின் நெருக்கம், பொத்தான் துளையின் உறுதி ஆகியவற்றையும் பாருங்கள்.

அடுத்தது அளவு. சுருக்கம் நீக்கப்படாத துணி முதல் நனைப்பில் 10 விழுக்காடு வரை சுருங்கக்கூடும். மார்பு 38 அங்குலமுள்ளவருக்கு, உள்ளே சட்டை அணியவும் கை வீசவும் ஜாக்கெட் 42 அங்குலம் வேண்டும். துணி 8 விழுக்காடு சுருங்குமாயின், வாங்கும்போது 46 அங்குலம் இருத்தல் வேண்டும். 'சான்ஃபரைஸ்டு' என்று குறிக்கப்பட்டிருந்தால் சுருக்கம் மிகக் குறைவு. கடைக்காரரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

தொழுகையாளி கவனிக்க வேண்டியவை இன்னும் சில. பழைய பாணி ஜாக்கெட் இடுப்போடு நின்றுவிடும். அக்காலத்துக் காற்சட்டை உயர்ந்து நின்றதால் அது போதுமானதாயிற்று. இன்றைய காற்சட்டையோ தாழ்ந்து நிற்கிறது. ருகூவிலும் ஸுஜூதிலும் ஜாக்கெட் மேலேறினால், மறைக்க வேண்டிய பகுதி வெளிப்படும். எனவே உள்ளே நீண்ட சட்டை இன்றியமையாதது. கைப்பட்டை முழங்கைக்கு மேல் ஏறுகிறதா என்றும் பாருங்கள். விறைத்த துணி ஏறாவிடில், ஒவ்வொரு உளூவுக்கும் கழற்றத்தான் வேண்டும். புதுச் சாயம் வெள்ளைச் சட்டையில் ஒட்டும். ஆகவே தனியே, உட்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

சதுர கஜத்துக்கு 14 அவுன்ஸ் எடையுள்ள துணி கடம்பூர் வெயிலுக்கு உகந்ததன்று. குளிர்நாட்டில் பணிபுரியும் மகனுக்கோ, அது பல்லாண்டு உழைக்கும் நல்ல போர்வை. தேவையறிந்து ஒன்று வாங்குவது செலவு. பெருமைக்காக வாங்கிப் பெட்டியில் பூட்டுவது வீண்விரயம். வாகனக் கடனும் வீட்டுக் கடனும் தோளில் இருக்க, இதற்காகவும் கடன்படுவது அறவே கூடாது.

பெற்றோர்களே! பிள்ளையின் ஆசையை ஏசி அடக்காதீர்கள். அவனை அருகில் அமர்த்தி, உங்கள் கைலியின் கரையை விரித்துக் காட்டுங்கள். நூலின் அருமையும் நெசவாளியின் உழைப்பும் தெரிந்தவன் பெயரைக் கண்டு ஏமாற மாட்டான். உள்ளதை நெடுநாள் பேணியும் அணிவான், இன்ஷா அல்லாஹ்.