கண்மாய்க்குள் ஒரு ரொட்டி

சாத்தூர் காராச்சேவு எண்ணெயில் பொரிவது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சுண்டக் காய்ச்சுவது. கோவில்பட்டி கடலைமிட்டாய் பாகில் பிடிப்பது. எங்கள் ஏழாயிரம்பண்ணையைச் சுற்றிப் பெயர் வாங்கிய இந்தப் பண்டங்களில் ஒன்றுகூட ரொட்டியைப் போல் நாலாபுறமும் அனல்பட்டு வேகிறதில்லை. அதற்குப் பேக்கரி வேண்டும் என்றே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் நினைத்திருந்தார்கள். தோசை, வடை, முறுக்கு, கிழங்கு, ஏன், செங்கலுக்கும்கூட நாம் ‘சுடுதல்’ என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. வெப்பம் பாடம் நடத்திய வாரத்தில், சாரணர் பிரிவின் ஒருநாள் நடைப்பயணத்தில் ரொட்டி சுட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

இது புதிய யோசனை அல்ல. பேடன் பவல் 1908இல் எழுதிய சாரணர் நூலிலேயே முகாமில் ரொட்டி செய்யும் முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாடு மேய்க்கப் போனவர்கள் மாவுருண்டையைத் தணலில் புதைத்துச் சுட்டுத் தின்றார்கள். மூடிமேல் தணல் போட்டு ‘தம்’ கட்டும் நம் பிரியாணி மாஸ்டருக்கும் இந்த வித்தை தெரியும்.

தடை வேறு இடத்திலிருந்து வந்தது. ஒப்புதல் கேட்டபோது ஒரு மாணவியின் தாய் கேட்டார்: “நாங்க ஆபீசுக்குள்ள போறப்போ தீப்பெட்டிய வாசல்லயே கொடுத்துட்டுப் போறோம். நீங்க பிள்ளைகளத் தீ மூட்டக் கூட்டிட்டுப் போறீங்களே டீச்சர்?” எங்கள் பக்கம் ‘ஆபீஸ்’ என்றால் பட்டாசு ஆலை. 2021 பிப்ரவரியில் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

திட்டத்தைக் கைவிடவில்லை, மாற்றினோம். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளும் திரி காயவைக்கும் இடங்களும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லாத, வற்றிய கண்மாயின் வெறுந்தரையைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டில் யாராவது மருந்து வேலைக்குப் போனால் அந்தத் துணிகளோடு சேர்த்து வைக்காத, துவைத்த பருத்திச் சட்டையில் வரச் சொன்னோம். இரண்டு குடம் தண்ணீர், ஒரு சாக்கு மணல் வந்து சேர்ந்த பிறகே தீக்குச்சி உரசினேன். காற்று வீசியிருந்தால் திரும்பியிருப்போம்.

பையில் கொண்டுபோனது கொஞ்சம்தான். இரண்டு டம்ளர் கோதுமை மாவு, பொடித்த கருப்பட்டி, உப்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. இவற்றை வீட்டிலேயே கலந்து கட்டிக்கொண்டோம். தயிர் தனியாக. இடத்துக்குப் போய்ப் பிசைவதுதான் முக்கியம். தயிரின் புளிப்பு பட்டதுமே சோடா கார்பன் டைஆக்சைடை வெளியிடத் தொடங்கிவிடும். முன்கூட்டியே பிசைந்தால் வாயு போய், ரொட்டி கல்லாகும்.

சீமைக்கருவேல விறகை எரித்துத் தணலாக்கினோம். சுவாலை இருக்கும்வரை சட்டியை வைக்கக் கூடாது. கரியாகும், உள்ளே வேகாது. பழகிய மண்சட்டியில் இரண்டு விரல் உயரம் காய்ந்த மணல், அதன்மேல் ஓட்டுத்துண்டு மூன்று, அவற்றின்மேல் மாவு வைத்த தட்டு. ஆற்றுக் கூழாங்கல் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் ரொட்டி அடியில் கருகி, மேலே பச்சையாக வந்தது. உண்மையில் பாடம் அங்கேதான் தொடங்கியது. தணல் அடியில் மட்டும் இருந்தது. அடுத்த முறை தகர மூடிமேல் நிறையத் தணலும் அடியில் கொஞ்சமும் வைத்தோம். மணல் வழியே கடத்தல், சட்டிக்குள் சுழலும் காற்றில் சலனம், சூடேறிய மூடியிலிருந்து கதிர்வீச்சு. மூன்றும் ஒரே சட்டிக்குள். முக்கால் மணி நேரத்தில் ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வந்தது.

“இட்லியும் மூடித்தானே வேகுது, அது ஏன் சிவக்கல?” என்று ஒரு பையன் கேட்டான். நீராவியின் சூடு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் நின்றுவிடுகிறது. மாவின் மேல்தோல் காய்ந்து 140ஐத் தாண்டினால்தான் அந்தச் சிவப்பும் மணமும் வரும். இந்தக் கேள்வியை நான் இருபது ஆண்டுகளில் ஒரு வகுப்பறையிலும் கேட்டதில்லை.

மாவைக் குச்சியில் சுற்றித் தணலுக்கு மேலே காட்டியும் சுடலாம். தோலுரித்த புளிய விளார் போதும். அரளிக் குச்சியை எடுத்துவிடக் கூடாது, அது நஞ்சு.

சதுரகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் போகிறவர்கள் இதையெல்லாம் மறந்துவிட வேண்டும். அது புலிகள் காப்பகம், தீ மூட்டவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் இறந்தது நினைவிருக்கும். அங்கே பையில் கடலைமிட்டாய் போதும்.

கேள்வி கேட்ட தாயின் மகள் அன்று முழுவதும் இருபதடி தள்ளியே நின்றாள். ரொட்டியைக் கையில் கொடுத்தபோதும் கிட்டே வரவில்லை. அணைக்கும் வேலையை மட்டும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். “இன்னும் சுடுது டீச்சர்” என்று சொல்லி அடுத்த குடத்தை எடுக்கப் போனாள்.