இரும்புத்திரை மறைத்த சிஇசட் 75

கைத்துப்பாக்கி என்றதும் கோல்ட், பெரெட்டா, கிளாக் ஆகிய பெயர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1975-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான சிஇசட் 75-க்கு அந்த வரிசையில் உரிய இடம் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் பொறியியல் அல்ல, அரசியல். பிரான்டிசெக் கௌட்ஸ்கி இதை ஏற்றுமதிக்காகவே வடிவமைத்தார். ஆனால் பனிப்போர்க் காலத்தில் மாபெரும் சந்தையான அமெரிக்காவின் கதவு அதற்கு ஏறக்குறைய மூடியே இருந்தது. காப்புரிமையையும் செக்கோஸ்லோவாக்கிய அரசு ரகசியமாக வைத்ததால் வெளிநாட்டில் வடிவமைப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இத்தாலியின் தான்ஃபோக்லியோ தொடங்கிப் பல நிறுவனங்கள் இதே அமைப்பைப் பின்பற்றின. இத்தனை பேர் பின்பற்றியதே அதன் தரத்துக்குச் சான்று.

வழக்கமான துப்பாக்கிகளில் மேலே முன்பின் ஓடும் ஸ்லைடு, உடற்சட்டத்தின் மேல் கவிந்து ஓடும். சிஇசட் 75-இல் அது சட்டத்துக்கு உள்ளே ஓடுகிறது. அதனால் குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து அமர்கிறது. சுடும்போது முனை எகிறுவது குறைகிறது. சுவிட்சர்லாந்தின் பி210 கைத்துப்பாக்கியில் ஏற்கெனவே இருந்த உத்திதான் இது. அதோடு 15 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியையும் கச்சிதமான கைப்பிடியையும் சேர்த்ததே கௌட்ஸ்கியின் சாதனை. ஒரு கிலோ எடை அதிகம் என்பார்கள்; இடுப்பில் நாள் முழுவதும் சுமக்கும் காவலருக்கு அது நியாயமான குறைதான். ஆனால் அந்த எஃகு எடைதான் பின்னுதைப்பை உள்வாங்குகிறது. ஸ்லைடில் விரல் பிடிக்க இடம் குறைவு என்பதும் உண்மை, பழக்கத்தில் அது சரியாகிவிடும். சிஇசட் 75-இன் வழியில் வந்த ஷேடோ 2 கைத்துப்பாக்கி இன்று சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பரவலாகப் பயன்படுகிறது.