இந்த இரும்பு எந்த ஊர் இரும்பு?

நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிறவர்களுக்கு உளிதான் சோறு. காலையில் கூராக எடுத்துப்போன உளி சாயங்காலம் மழுங்கித்தான் திரும்பும். அதனால் கல் வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கொல்லுப்பட்டறையும் இருக்கும். அப்படி ஒரு பட்டறையில் அரை மணி நேரம் நின்றதில், கருவிகளைப் பற்றிக் கடை கடையாக ஏறி விசாரித்ததைவிட அதிகம் தெரிந்துகொண்டேன்.

ஆசாரி உளி முனையைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, தட்டிக் கூராக்கினார். நுனியை மட்டும் இரண்டு விரற்கடை தண்ணீரில் தோய்த்து உடனே எடுத்தார். கல்லில் இரண்டு தேய்ப்பு. கறுப்பு போய் முனை வெள்ளியாகப் பளிச்சிட்டது. "இப்பப் பாருங்க தம்பி" என்றார். உளியின் உடம்பில் மிச்சமிருந்த சூடு நுனியை நோக்கி இறங்க இறங்க, அந்தப் பளபளப்பின் மேல் நிறம் ஓடியது. முன்னால் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் நுனியைத் தொட்டதும் உளி தண்ணீருக்குள் போனது. "நீலம் வர்ற வரைக்கும் விட்டா நுனி மடங்கிரும். மஞ்சளே வராம தோச்சா கல்லுல பட்டதும் தெறிச்சிரும்."

வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ், நீலம் 300. நடுவில் இருக்கிற அந்த 70 டிகிரியைக் கண்ணாலேயே அளந்துவிடுகிறார். எவ்வளவு உசத்தி எஃகானாலும் இந்தப் பதம் தப்பினால் வீண். நல்ல கம்பெனி என்றால் என்ன? லட்சம் கருவி செய்தாலும் லட்சத்துக்கும் இதே பதத்தைத் தவறாமல் கொடுக்கிற கம்பெனி. பெயருக்கு நாம் கொடுக்கிற காசு அதற்குத்தான்.

ஆனால் பெயரே ஏமாற்றுகிற காலமும் இது. சில வருஷங்களுக்கு முன் 'ஜெர்மன் டெக்னாலஜி' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஸ்பேனர் செட் ஒன்று வாங்கினேன். பம்ப்செட் போல்ட்டில் போட்டு அழுத்தியதும் ஸ்பேனரின் வாய் விரிந்து, என் விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்தது. அப்புறம்தான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயரே இல்லை.

ஜெர்மனிப் பெயருக்கு வந்த மவுசுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்கு உலகமெங்கும் பெயர். மலிவான ஜெர்மன் சரக்கு அந்தப் பெயரைத் தாங்கி விற்றது. 1887இல் பிரிட்டன் சட்டம் போட்டு, வெளிநாட்டுச் சரக்கில் உண்மையான நாட்டின் பெயரைப் பொறிக்க வைத்தது. மட்டமான சரக்கு என்று காட்டிக்கொடுக்க வந்த முத்திரை அது. ஜெர்மானியர்கள் வேலையைத் திருத்திக்கொண்டார்கள். அதே முத்திரை பெருமையாகிவிட்டது. ஊர்ப் பெயருக்குத் தானாக ஒரு தரமும் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டுச் சரக்கை மட்டம் என்று ஒதுக்கவும் காரணம் இல்லை. ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகளுக்கே பேர்போன ஊர்கள். ஜலந்தரில் 1983 முதல் மத்தியக் கைக்கருவி நிறுவனம் இயங்குகிறது. எலக்ட்ரீஷியன் பைகளில் சாதாரணமாகக் கிடக்கும் டபாரியா, ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு 1969இல் இங்கே கருவி செய்யத் தொடங்கியது. டாட்டா அக்ரிகோ மம்பட்டி அதற்கும் பல பத்தாண்டுகள் மூத்தது.

ஆகவே கடையில் முதலில் தேட வேண்டியது முகவரி. பொட்டலச் சரக்கில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. பிரபலப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிய சரக்கும் உலவுகிறது. எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

அடுத்தது கை. கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டுகிற வாயில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. மெல்லிய காகிதத்தைக் கிழிக்காமல் நறுக்க வேண்டும். மூட்டு ஆடினால் வைத்துவிடுங்கள். மம்பட்டியில் காம்பு செருகும் வளையம் தகட்டோடு ஒன்றாக அடித்ததா, பற்றவைத்ததா என்று பாருங்கள். தகட்டைத் தூக்கிப் பிடித்துச் சுண்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் விரிசல் இருக்கலாம். சுத்தியல் காம்பில் மர ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் முறிந்து தலை பறக்கும். பளபளப்பான முலாமைக் கண்டு மயங்க வேண்டாம், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

பட்டறையிலிருந்து கிளம்பும்போது, நுனி உடைந்த உளி ஒன்றைக் கல் தச்சர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். ஆசாரி உடைந்த வாயை வெயிலில் திருப்பிப் பார்த்தார். "சீனி மாதிரி மினுங்குது பாருங்க. யாரோ கூடக் காய்ச்சிட்டாங்க. நல்லா இருந்தா சாம்பல் மாதிரி நைசா இருக்கும்" என்றார். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச உளியை உலைக்குள் செருகினார்.