சியோனானில் பெண்கள் பிரிவு

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் பிடித்த சிங்கப்பூர், ‘சியோனான்’ ஆயிற்று. அங்கே இந்திய சுதந்திர லீக்கின் பெண்கள் பிரிவு வீடு வீடாக ஆதரவு திரட்டியது. 1943 ஜூலை 12 அன்று, ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த சென்னை மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில், இருபது பெண்கள் சேலை உடுத்தியபடியே துப்பாக்கி ஏந்தி சுபாஷ் சந்திர போஸுக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தனர். அக்டோபரில் வாட்டர்லூ தெருவில், போஸ் அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது.

விடுதலைப் போராட்ட நிதிக்காக நகைகள் குவிந்தன. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி என்ற இளம்பெண் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். படையில் சேர்ந்தவர்களில் பலர் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். அதே தோட்டங்களின் ஆண்களைத்தான் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு ஓட்டிச் சென்றனர். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜானகி 1946இல் மலேயா இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார்.